ஒரே ஒரு வண்டிதானுங்க

பொள்ளாச்சிக்குத் தெற்கே, நண்பரின் தென்னந்தோப்பை ஒட்டிய மேட்டு நிலத்தில் ஆண்டுக்கொரு முறை நாங்கள் சிலர் சேர்ந்து ஜீப் கூடுகை நடத்துகிறோம். 15 வண்டிகளுக்குத்தான் இடம். இதைச் சொன்னதும் போனில் எதிர்முனை கொஞ்சம் மௌனமாகும். பிறகு எல்லாரும் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே கேள்வி: "ஏனுங்க, ஒரே ஒரு வண்டிதானுங்க, அதுக்கு எடமில்லாமயா போயிரும்?"

இடம் இருக்கிறது. பொழுதுதான் இல்லை. டிசம்பர் கடைசியில் ஆறரைக்குள் இருட்டிவிடும். காலையில் இறங்குமுன் டயரில் 30 இருக்கும் காற்றை 18க்குக் குறைக்க வேண்டும். அப்போதுதான் டயர் தட்டையாகப் படிந்து மண்ணைப் பிடிக்கும். சாயங்காலம் தார் ரோடு ஏறுமுன் அதே காற்றைத் திரும்ப அடிக்க வேண்டும். வண்டி பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசர் ஒரு டயருக்கே சில நிமிடம் முக்கும். நடுவில் பள்ளத்தில் ஒருவர் சிக்கினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். நாள் முழுக்கச் சேற்றில் சீறிப் பாயலாம் என்று வருகிற புது 'தார்' ஜீப் முதலாளிகளுக்கு, பாதி நேரம் முறுக்கு தின்றுகொண்டு காத்திருப்பதுதான் இந்த விளையாட்டு என்று தெரியும்போது முகம் தொங்கிவிடும்.

ஐந்து ஐந்தாக மூன்று அணி பிரிப்போம். ஒவ்வொன்றுக்கும் வழிகாட்ட முன்னால் ஒரு வண்டி, கடைசியில் ஒரு வண்டி. முன்னால் போவதற்கு ஆள் வரிசையில் நிற்கும். கடைசி வண்டிக்குத்தான் பஞ்சம். அவர் நாள் முழுக்க அடுத்தவர் கிளப்பிய புழுதியைத் தின்ன வேண்டும். மண்வெட்டி, வண்டி இழுக்கும் பெல்ட், முதலுதவிப் பெட்டி எல்லாம் அவர் வண்டியில்தான். சிக்கிய வண்டியை இழுக்கையில் அவர் சொல்வதுதான் சட்டம்.

அந்தச் சட்டம் கறாராக இருக்கக் காரணம் உண்டு. தெரியாதவர்கள் பெல்ட்டைக் கொண்டுபோய் வண்டியின் பின்னால் இருக்கும் 'டோ பால்' குண்டில் மாட்டிவிடுவார்கள். அந்தக் குண்டு டிரெய்லரை நிதானமாக இழுக்கச் செய்தது. வெடுக்கென்று இழுத்தால் பிய்த்துக்கொண்டு பறக்கும். ஆஸ்திரேலியாவில் அப்படிப் பறந்த குண்டு உயிர்களையே எடுத்திருக்கிறது. வின்ச் கம்பியின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுவைத்தால், அறுந்தாலும் வீச்சு குறையும். வேடிக்கை பார்ப்பவர்கள் பெல்ட் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும். போனைத் தூக்கிப் பிடித்தபடி கிட்டே கிட்டே வருகிறவர்களை விரட்டவே தனியாக ஓர் ஆள் வேண்டும். சம்பளமில்லாத ஆள், சொந்த டீசலில் வந்த ஆள்.

"அமெரிக்காவுல ஆயிரக்கணக்குல கூடறாங்களே" என்பார்கள். யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊரின் ஈஸ்டர் ஜீப் சஃபாரியைச் சொல்கிறார்கள். 1967இல் தொடங்கியது, இன்று ஒன்பது நாள் திருவிழா. ஆனால் அங்கேயும் தடம் தடமாகப் பிரித்துத்தான் பதிவு, தடத்துக்கு இத்தனை வண்டி என்று வரம்பு, முன்னும் பின்னும் உள்ளூர் கிளப்பின் தன்னார்வலர்கள். காட்டுக்குள் விடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. ஆனைமலைப் புலிகள் காப்பகம் பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் டயர் ஒன்றுகூட அங்கே படாது. அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

முந்திக்கொண்டவருக்கு இடம் என்பதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. அப்படி விட்டால் வாட்ஸப்பில் விரல் வேகமாக ஓடுகிறவர்கள்தாம் வருவார்கள். பழைய ஜிப்ஸி, மஹிந்திரா 540 வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் இடம் எடுத்து வைப்போம். அவர்களுக்குச் சிக்கவும் தெரியும், சிக்கினால் பதறாமல் இருக்கவும் தெரியும். புதியவர் ஒவ்வொருவருக்கும் முன்னால் அப்படி ஒருவரை விடுவோம். பணம் கட்டினால்தான் பெயர் எழுதுவோம், வராவிட்டால் திருப்பித் தர மாட்டோம். இல்லையென்றால் முதல் நாள் ராத்திரி போன் வரும்: "நாளைக்கு ஒரு கல்யாணமுங்க." எங்கள் ஊரில் கல்யாணத்தை முதல் நாள் ராத்திரிதான் கண்டுபிடிக்கிறார்கள் போலிருக்கிறது.

போன வாரம் சொந்தக்காரப் பையன் ஒருவர் கூப்பிட்டார். நல்ல ஓட்டுநர், வண்டியில் வின்ச்சும் இருக்கிறது. "மாப்ளே, நாலாவது அணிக்கு முன்னால போக ஆள் தயாரா இருக்காருங்க. நீங்க கடைசி வண்டியா வந்தீங்கன்னா இன்னும் அஞ்சு பேரைச் சேத்துக்கலாம்" என்றேன்.

"கடைசியிலீங்களா மாமா? அப்ப நம்ம வண்டிய யாருங்க போட்டோ எடுப்பாங்க?"