எந்த இலை என்று முதலில் கேளுங்கள்

தில்லியில் விடுதி மாடிகளிலும் வாடகை வீட்டுப் பால்கனிகளிலும் தொட்டித் தக்காளி வளர்க்கும் ஆய்வு மாணவர்கள் பலர் உண்டு. அவர்களிடையே ஒரு வினா ஓயாமல் எழுகிறது: "இலை மஞ்சளாகிறது, என்ன உரம் இடலாம்?" இவ்வினாவே பிழையானது என்பது என் கருத்து. மஞ்சள் ஒரு நோயின் பெயரன்று. பல காரணங்களுக்குப் பொதுவான குறி.

மொழியியல் பயின்றோர்க்கு இது புதிதன்று. ககரம் 'கடல்', 'தங்கம்', 'அகம்' ஆகிய மூன்றிலும் வெவ்வேறாக ஒலிக்கிறது. ஒலிப்பைத் தீர்மானிப்பது எழுத்து மட்டுமன்று. அது நிற்கும் இடமும்தான். இலையின் மஞ்சளையும் இடம் அறிந்தே படிக்கவேண்டும்.

அடியிலைகள் நரம்போடு சேர்ந்து வெளிறினால் தழைச்சத்துக் குறைவை ஐயுறலாம். அடியிலைகளில் நரம்பு பசுமையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறைவை ஐயுறலாம். இவ்விரு சத்துகளையும் செடி முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடும். இரும்பு அவ்வாறு எளிதில் இடம்பெயராது; எனவே அதன் குறைவு தளிரிலேயே தோன்றும். மண்ணில் இரும்பு இருந்தாலும், கடின நீரால் காரத்தன்மை ஏறினால் வேர் அதனை ஏற்க இயலாது. அங்கே யூரியா இடுவதால் பயனில்லை. நீர் தேங்கி வேர் மூச்சுமுட்டினாலும் இலை மஞ்சளாகும், செடி வாடும். ஆகவே உரத்துக்கும் நீருக்கும் முன், விரலை 5 செ.மீ. மண்ணுள் செலுத்தி ஈரம் பார்க்கவேண்டும்.

சுருளுதலும் அத்தகையதே. கடும் வெயிலில் அடியிலைகள் பசுமை குன்றாமல் மேல்நோக்கி மடிந்தால், அது பெரும்பாலும் வெப்பத்துக்குச் செடி காட்டும் எதிர்வினை, அஞ்சவேண்டியதில்லை. தளிர்கள் சிறுத்துச் சுருண்டு, மஞ்சள் பாய்ந்து, வளர்ச்சியும் நின்றால், வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸை ஐயுறவேண்டும். இவ்வைரஸ்களுள் ஒன்று புது தில்லியின் பெயரையே தாங்கியிருக்கிறது. தொற்றிய செடிக்கு மருந்தில்லை. அதனைப் பிடுங்கி, உறையிலிட்டுக் கட்டி அகற்றுவதே வழி. உரமிட்டுக் காத்திருந்தால் அண்டை வீட்டுச் செடிகளுக்கும் தொற்றை அனுப்புகிறோம். தவறான கணிப்பின் விலை நம் தொட்டியோடு நிற்பதில்லை.

"ஒரு செடிக்கு இத்தனை ஆராய்ச்சியா? எல்லாச் சத்தும் கலந்த உரம் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. தொட்டியின் சிறிய மண்ணில் மிகை உரம் உப்பாகச் சேர்ந்து இலை விளிம்பைக் கருக்கும். பழைய குறியின்மேல் புதிய குறி ஏறும். நான்கு மருந்துகளை ஒருசேர இட்டபின் செடி பிழைத்தாலும், எது காத்தது என்று சொல்ல முடியாது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒருவாரமேனும் பொறுத்துப் புதிய தளிரைப் பாருங்கள். முற்றிலும் மஞ்சளான முதிய இலை பெரும்பாலும் பசுமைக்குத் திரும்பாது. உங்கள் கணிப்புச் சரியா என்பதை இனி வரும் இலையே சொல்லும்.