பெயரில் வாழும் தமிழ்

பாலாற்றுப் பகுதியில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிட்டும் காலணி தைத்தும் பிழைக்கும் குடும்பங்கள் மிகப்பல. அக்குடும்பங்களில் இன்று பிறக்கும் குழந்தைகளுக்கு இடும் பெயர்களைச் செவிமடுப்பின், ஷகரமும் ஸகரமும் ஹகரமும் விரவி, பெற்ற தாயின் நாவிலேயே ஒட்டாத ஒலிக்கூட்டங்களாக உள்ளன. பொருள் யாதென வினவினால், "புதுப்பெயர், ஊரில் எவருக்கும் இல்லாத பெயர்" என்பதே விடை.

இவ்வேட்கையை எள்ளி நகையாடுதல் முறையன்று. குப்பன் என்றும் மண்ணாங்கட்டி என்றும் பெயரிட்டு உழைக்கும் மக்களை இழிவுபடுத்திய நாடு இது. அவ்விழிவினின்று தம் மக்களை மீட்க விழைவது பெற்றோரின் உரிமை. ஆயின், இழிவினின்று தப்பி அவர்கள் ஓடும் திசையே பிழையானது. உயர்வு அயல்மொழியில்தான் உண்டென்று அவர்களை நம்பவைத்தவர் யாவர்?

நாகரிகத்தின் உறைவிடமென நம்மவர் கருதும் பிரித்தானியரின் பெயர்களையே ஆய்ந்து பார்க்க. 'ஆல்பிரெட்டு' என்பது 'அணங்கின் அறிவுரை' எனப் பொருள்படும் பழைய ஆங்கிலப் பெயர். 'எத்தல்' என்பது 'மேன்மை'. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், வென்றவரின் வில்லியமும் இராபர்ட்டும் பரவ, நாட்டுப் பெயர்களுட் பல வழக்கொழிந்தன. எனினும், பன்னூறாண்டு கழித்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டில், தம் பழமையைப் போற்றத் தொடங்கிய ஆங்கிலேயர் அவற்றுட் பலவற்றை மீட்டுத் தம் மக்களுக்கு இட்டனர். மாண்டதென எண்ணிய பெயரும் மீளும் என்பதற்கு இது சான்று.

தொழிற்பெயரை அவர்கள் மறைக்கவுமில்லை. தோல் பதனிடுவோன் 'டேனர்'. 'பார்க்கு' என்பது அவர்தம் மொழியில் மரப்பட்டை. பட்டையிட்டுத் தோலைப் பதனிட்டவன் 'பார்க்கர்' ஆனான். டேனர் என்னும் குடிப்பெயரோடு தாமசு டேனர் (1674-1735) கிறித்தவ ஆயராகவும் பழநூலாய்வாளராகவும் விளங்கினார். நம் முன்னோரும் அங்ஙனமே வாழ்ந்தனர். கூலவாணிகன் சாத்தனார், அறுவைவாணிகன் இளவேட்டனார், பொற்கொல்லன் வெண்ணாகனார் எனத் தொழிலும் பெயரும் இணைந்தே கழகப் புலவர் வரிசையில் நிற்கின்றன. தொழிலை இழிவாக்கியது பின்னர்ப் புகுந்த சாதிக்கேடே.

இவ்வூரார் அறியத்தக்க தோல்வணிகர் ஒருவரும் இங்கிலாந்தில் இருந்தார். அவர் பெயர் பிரெய்சுகாடு பேர்போன்; முதற்பெயரின் பொருள் 'இறைவனைப் புகழ்' என்பது. 1653-இல் கூடிய பாராளுமன்றம் இலண்டன் தோல்வணிகராகிய அவர் பெயராலேயே இன்றும் சுட்டப்படுகின்றது. அவர் சார்ந்திருந்த தூய்மைச் சமயத்தாருட் சிலர், பழகிய பெயர்களை விடுத்து, தம் கொள்கையைத் தாய்மொழியிலேயே குழந்தைகளுக்குப் பெயராக்கினர். ஒரு முழுச்சொற்றொடரையே பெயராக இட்டோரும் உளர். அந்நெடும்பெயர்கள் நிலைத்து நிற்கவில்லை. 'நம்பிக்கை' எனப் பொருள்படும் பெயித்தும், 'பொறுமை' எனப் பொருள்படும் பேசன்சும் இன்றும் வழங்குகின்றன. சுருக்கமும் இனிமையுமே பெயரை வாழ்விப்பன.

தனித்தமிழன்பர் கொள்ளவேண்டிய பாடமும் இதில் உண்டு. 1916-இல் வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என மாற்றிய அடிகளார், தம் மக்களின் பெயர்களையும் தமிழாக்கினார். திருஞானசம்பந்தம் 'அறிவுத்தொடர்பு' ஆயிற்று. மாணிக்கவாசகம் 'மணிமொழி' ஆயிற்று. முன்னது நாட்டில் பரவவில்லை. மணிமொழியோ நாடெங்கும் உண்டு. மொழிபெயர்த்த பெயரினும் நாவில் தானே பிறந்த பெயரே வேரூன்றும்.

வெளியே தேட வேண்டுவதில்லை. மொழிஞாயிறு பாவாணர் இளமையில் ஆம்பூர்ப் பள்ளியில் தமிழ் கற்பித்தவர். கிறித்தவராகிய அவர் 'தேவநேசக் கவிவாணன்' என்பதைத் 'தேவநேயப் பாவாணர்' எனத் தூய்மை செய்துகொண்டார். சமயம் தமிழ்ப்பெயருக்குத் தடையாகவில்லை. திருப்பத்தூரில் தமிழாசிரியராயிருந்த மு. வரதராசனார் தம் மக்களுக்குத் திருநாவுக்கரசு, நம்பி, பாரி எனப் பெயரிட்டார். எத்துணை எளிமை!

ஆம்பூர்த் தோலுக்கு நிறமும் உரமும் ஊட்டியது ஆவாரம்பட்டை. அச்செடியின் பொன்னிறப் பூவே கழக நூல்கள் பேசும் ஆவிரை. தோல் தொழிலாளி தன் மகளை 'ஆவிரை' என்றழைத்தால், அப்பெயரில் தொழிலின் பெருமையும் தமிழின் தொன்மையும் ஒருங்கே மணக்கும். எவருக்கும் இல்லாத பெயர் வேண்டுவோர்க்கு இதனினும் புதுமை எது? பாரி, எழினி, நன்னன், கயல், முல்லை, செம்மல் என இன்னும் எத்தனையோ பெயர்கள் காத்துக் கிடக்கின்றன.

பிறப்பைப் பதிந்தபின் பெயரைச் சேர்க்க ஓராண்டுவரை கட்டணமுமில்லை. அவ்வோராண்டில் ஒருநாளேனும் தமிழை எண்ணுக. தாய்க்குப் பொருள் தெரிந்த பெயரை, தந்தை பிழையின்றி எழுதக்கூடிய பெயரை, குழந்தை தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய பெயரை இடுக!