கடுகு ஊரில் ஒரு நாள்
ஊர்ப் பெயரைப் பறிகொடுத்த வியாபாரிகளின் கதை

ஐம்பது வருஷமாகக் கடுகு மூட்டையோடு பழகியவன் நான். கடுகுக்கென்றே உலகத்தில் பெயர் போன ஓர் ஊர் உண்டு, அதைப் போய்ப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. மகள் குடும்பம் பாரிஸில் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது, "மாமா, கோபுரம் எல்லாம் பிறகு பார்க்கலாம். உங்களுக்கென்றே ஓர் ஊர் இருக்கிறது" என்று மாப்பிள்ளை அழைத்துப் போனார். ஊரின் பெயர் திஜோன். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்.

பர்கண்டி என்ற பகுதிக்குத் தலைநகர் அது. பிரபுக்கள் ஆண்ட அரண்மனை நடு ஊரில் அப்படியே நிற்கிறது. பழைய மாதா கோயிலின் பக்கச் சுவரில் ஒரு சின்ன ஆந்தை செதுக்கியிருக்கிறார்கள். இடது கையால் தடவி வேண்டிக்கொண்டால் பலிக்குமாம். எத்தனையோ நூறு வருஷமாகத் தடவித் தடவி ஆந்தைக்கு முகமே இல்லை. நானும் தடவினேன். என்ன வேண்டினேன் என்பது வரவு செலவு சம்பந்தப்பட்டது, இங்கே வேண்டாம்.

நான் பார்க்கப் போனது சந்தையை. 1870-களில் கட்டிய இரும்புக் கூடம், மேலே கண்ணாடி. பாரிஸ் கோபுரம் புகழ் ஈபிள் 1832-இல் பிறந்தது இந்த ஊரில்தான் என்று மாப்பிள்ளை சொன்னார். வெள்ளிக்கிழமை காலை, நல்ல கூட்டம். மாட்டுக்கறியைச் சிவப்பு ஒயினில் வேக வைப்பதும், ஓட்டோடு நத்தையைப் பூண்டு வெண்ணெயில் சுடுவதும் அந்தப் பகுதியின் பெருமை. நமக்கு ஆகாது, பார்த்ததோடு சரி. பாலாடைக்கட்டிக் கடையில் ஒரு வாசனை வந்தது. நம் கருவாட்டுக் கடைக்காரர்கள் கூட மூக்கைப் பொத்துவார்கள். தேனும் மசாலாவும் சேர்த்துச் செய்யும் ஒரு கேக் மட்டும் வாங்கிச் சாப்பிட்டேன். பட்டை, இஞ்சி, கிராம்பு, சோம்பு வாடை வாயில் பட்டதும் நம் ஊர்க் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. இவற்றில் பட்டையும் கிராம்பும் ஒரு காலத்தில் நம் பக்கத்துக் கடல் தாண்டி அங்கே போன சரக்குதானே.

என் கண் போனது கூடைகளின் மேல் செருகியிருந்த சின்னப் பலகைகளில். காய், பழம் எது விற்றாலும் விலையோடு எந்த நாட்டுச் சரக்கு என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். தக்காளி என்றால் பிரான்ஸா, ஸ்பெயினா, மொராக்கோவா என்று எழுதியிருக்கிறது. வாங்க வருகிற கிழவி முதலில் அதைப் படிக்கிறாள், பிறகுதான் கையில் எடுக்கிறாள். கடைக்காரரும் மறைப்பதில்லை. ஸ்பெயின் சரக்கை ஸ்பெயின் சரக்கு என்றே விற்கிறார், அதற்கும் ஆள் இருக்கிறது.

இனி கடுகுக்கு வருகிறேன். நாம் கடுகை எண்ணெயில் பொரிய விடுகிறோம். சூடு பட்டால் கடுகின் காரம் போய்விடும், வாசனைதான் நிற்கும். அவர்கள் சூடு காட்டுவதில்லை. ஊற வைத்து, புளிப்புச் சேர்த்து, பச்சையாகவே அரைத்து விழுதாக்குகிறார்கள். கடுகு உடைந்து ஈரம் படும்போதுதான் காரம் பிறக்கிறது. நம் வீட்டில் மாங்காய் ஊறுகாய்க்குக் கடுகுப் பொடி போடுகிறவர்களுக்கு இது தெரியும். 18-ஆம் நூற்றாண்டில் இந்த ஊர்க்காரர் ஒருவர் வினிகருக்குப் பதில் பழுக்காத திராட்சையின் சாற்றை ஊற்றி அரைத்தார், அந்த ருசிதான் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதற்கு முன்பே, 1634-இல், ஊரில் கடுகு அரைக்கும் உரிமையை ஒரு சங்கமாகச் சேர்ந்து வாங்கி வைத்திருக்கிறார்கள். சங்கம் என்பது நம் கண்டுபிடிப்பு இல்லை.

மாய் என்ற பழைய கம்பெனியின் கடை 1845 முதல் அங்கே இருக்கிறது. பீப்பாய்க் குழாயைத் திறப்பது போலத் திறந்து மண் ஜாடியில் கடுகு விழுதைப் பிடித்துத் தருகிறார்கள். ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன், காரம் மூக்கு வழியாக உச்சி மண்டைக்கு ஏறியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைப்பெண் சிரித்தாள். "இது எந்த ஊர்க் கடுகு?" என்று மாப்பிள்ளையைக் கேட்கச் சொன்னேன். தொழில் புத்தி, வேறென்ன.

திஜோன் கடுகுக்கு வேண்டிய விதையில் பெரும்பகுதி கனடாவிலிருந்து வருகிறது! ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் கடுகு விளைந்தது. கரி சுடுகிறவர்கள் காட்டைத் திருத்திய இடத்தில் விதைத்தார்களாம், சாம்பல் பட்ட மண்ணில் நன்றாக வருமாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பயிர் படிப்படியாக ஒழிந்துபோனது. வெளிநாட்டு விதை மலிவு, கொள்முதல் சுலபம். நாமும் அப்படித்தானே கணக்குப் போடுவோம்.

இன்னொன்று நடந்தது. 1937-இல் சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. திஜோன் கடுகு என்பதற்குப் பக்குவம்தான் அடையாளம், ஊர் அல்ல என்று ஆகிவிட்டது. எந்த விதையை எந்த ஊரில் அரைத்தாலும், பக்குவம் சரியாக இருந்தால் அந்தப் பெயரை ஒட்டலாம். உலகம் முழுவதும் ஒட்டினார்கள். 2009-இல் திஜோன் ஊருக்குள் இருந்த பெரிய கடுகுத் தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். முதலாளிக் கம்பெனி வெளிநாட்டுக் கம்பெனி, கணக்குப் பார்த்து மூடியது. வேலை பார்த்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். கடுகு ஜாடி மட்டும் "திஜோன்" என்ற பெயரோடு உலகமெங்கும் போய்க்கொண்டே இருக்கிறது.

"பெயரைத் திறந்து விட்டதால்தானே மாமா உலகமெல்லாம் தெரிந்தது? பூட்டி வைத்திருந்தால் யாருக்குத் தெரியும்?" என்றார் மாப்பிள்ளை. கேள்வி நியாயமானது. நான் சொன்னேன்: "மாப்பிள்ளை, பெயர் தெரிந்தது, சரி. லாபம் எந்த ஊர் கல்லாவில் விழுந்தது?"

ஒரே இடத்துச் சரக்கை நம்பியதன் வினையும் வந்து சேர்ந்தது. 2021-இல் கனடாவில் கடும் வெயில், வறட்சி. விளைச்சல் பாதியாக விழுந்தது. அடுத்த வருஷம், 2022-இல், பிரான்ஸ் நாடு முழுவதும் கடைகளில் கடுகு அலமாரி காலி. ஆளுக்கு ஒரு ஜாடிக்கு மேல் இல்லை என்று பலகை தொங்கவிட்டதை மகள் அப்போதே போனில் சொன்னாள். நான் நம்பவில்லை. கடுகின் பெயர் போன நாட்டில் கடுகுக்குப் பஞ்சமா என்று சிரித்தேன்.

அந்தப் பஞ்சத்தில் சமாளித்து நின்றவர்களில், விதைக்கு உள்ளூர்க் குடியானவனோடு முன்பே ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள் உண்டு. திஜோனுக்குத் தெற்கே போன் என்று ஓர் ஊர் (தொலைபேசி இல்லை, ஊரின் பெயரே அதுதான்). அங்கே 1840-இல் தொடங்கிய ஃபலோ என்ற குடும்பக் கம்பெனி இன்றும் கல் இயந்திரத்தில்தான் அரைக்கிறது. கல்லில் மெதுவாக அரைத்தால் சூடு ஏறாது. அவர்களும் மற்றவர்களும் 1990-களிலிருந்தே குடியானவர்களைப் பிடித்து, மறுபடி கடுகு பயிரிட வைத்து, 2009-இல் "பர்கண்டிக் கடுகு" என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வாங்கினார்கள். தொழிற்சாலை மூடிய அதே வருஷம்! விதையும் பர்கண்டியில் விளைய வேண்டும், ஊற்றும் வெள்ளை ஒயினும் பர்கண்டியாக இருக்க வேண்டும். விலை கூடுதல்தான். பஞ்சத்துக்குப் பிறகு அங்கே கடுகு போடும் நிலம் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது.

திரும்பும் ரயிலில் எனக்கு என் கதை ஞாபகம் வந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதாமலும் முடியவில்லை. 1980-களில் ஒரு வருஷம் மழை பொய்த்து இராமநாதபுரம் முண்டு வற்றல் வரத்து அடியோடு குறைந்தது. வெளிமாநிலத்து உருண்டை வற்றலை இறக்கி, "இராமநாதபுரம் முண்டு" என்றே சிட்டையில் எழுதி அனுப்பினேன். சந்தையில் அப்படிச் செய்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை, அதனால் தப்பாகவும் தெரியவில்லை. ஒரு சமையல் மாஸ்டர் நான்கு மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார். "அண்ணாச்சி, வேற சரக்குன்னு சொல்லியிருந்தா அதுக்கு ஏத்த மாதிரி போட்டிருப்பேன். கல்யாண வீட்ல என் பேரு போச்சு" என்றார். பணத்தைக் கொடுத்தேன். அவர் அதற்குப் பிறகு என் கிடங்குக்கு வரவே இல்லை.

இன்று அந்த முண்டு வற்றலுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் கிடைத்தது. பேப்பரில் பார்த்து மகிழ்ந்தோம், இனிப்புக் கொடுத்தோம். பிறகு? எந்த மஞ்சளையும் ஈரோடு என்று சொல்வது நின்றதா? சட்டம் டெல்லியில் இருக்கிறது, சாக்கு நம் கிடங்கில் இருக்கிறது. சாக்கின் மேல் என்ன எழுதுகிறோம் என்பதைப் பார்க்க எந்த அதிகாரியும் தினம் வரப்போவதில்லை.

என் யோசனை சின்னது. சங்க உறுப்பினர்கள் எல்லோரும் மொத்தச் சரக்கில் ஊரை எழுதிப் போடுவோம். கடுகு இராஜஸ்தான் என்றால் இராஜஸ்தான். மல்லி எங்கிருந்து வந்ததோ அந்த ஊர். கலப்பு என்றால் கலப்பு. சில்லறைக் கடைக்காரர் அதைப் பார்த்துத் தன் பலகையில் எழுதட்டும். செலவு ஒரு சாக்பீஸ். பெரிய கடைக்காரர்கள் கண்ணாடி அலமாரி வைத்து, குளிர்சாதனம் போட்டு வாடிக்கையை இழுக்கிறார்கள். அதோடு நாம் போட்டி போட முடியாது. இந்தச் சரக்கு எங்கே விளைந்தது என்று கேட்டால் நம்மால் சொல்ல முடியும், ஏனென்றால் நாமே நேரில் போய் வாங்குகிறோம். சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்க வேண்டுமென்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். எதிர்ப்பு வரும் என்று தெரியும். நண்பர் ஒருவர், "ஊரை எழுதினால் விலையைக் குறைக்கச் சொல்வார்கள்" என்று இப்போதே சொல்லிவிட்டார்.

அவர் சொன்னது உண்மைதான். ஊருக்குத் திரும்பிய வாரமே என் கிடங்கில் பலகை மாட்டினேன். முதல் நாள் வந்த வாடிக்கைக்காரர் முண்டு வற்றலுக்கு நேரே "வெளிமாநிலம்" என்று படித்துவிட்டு, மூட்டைக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொன்னார். குறைத்துக் கொடுத்தேன். ஆறு மூட்டை எடுத்துப் போனார், பலகை இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது.