தைலமரம் போன பிறகு நிலம் யாருக்கு?

புதுக்கோட்டை மாவட்டத்தில் தைலமரத்துக்கு எதிரான குரல் பெரும்பாலும் கண்மாய்க் கரையிலிருந்தே எழுகிறது. 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம், வனத்துறையிடம் குத்தகைக்குப் பெற்ற காடுகளில் காகிதக் கூழுக்காக இம்மரத்தை வளர்க்கிறது. தோட்டங்களில் மழைநீரைத் தேக்க எழுப்பப்படும் வரப்புகள் கண்மாய்களின் வரத்தை மறிக்கின்றன என்பது பாசன விவசாயிகளின் நெடுநாள் குற்றச்சாட்டு. நியாயமான குற்றச்சாட்டுதான். ஆயினும், கண்மாய்க்குக் கீழே நிலம் வைத்திருப்போர் யார், அந்நிலத்தில் கூலிக்கு இறங்குவோர் யார் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

வறட்சியைத் தாங்கும் மரம் என்பதோடு, ஆடுமாடு கடிக்காத மரம் என்பதும் இதன் தகுதியாகச் சொல்லப்பட்டது. வேலி தேவையில்லை, காவல் தேவையில்லை. அந்தத் தகுதியே நிலமற்றவரின் இழப்பு. காரையும் சூரையும் களாவும் அடர்ந்திருந்த முட்புதர்க் காடு விறகு தந்தது, பழம் தந்தது, சேரிக்காரரின் நாலு வெள்ளாடுகளுக்குத் தழை தந்தது. பட்டா இல்லாத குடும்பத்துக்கு அக்காடே சொத்து. அச்சொத்து போனதற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கில்லை.

இம்மாவட்டத்தின் பெரும்பகுதி 1948 மார்ச் வரை தனிச் சமஸ்தானமாக இருந்தது. பஞ்சமி நிலங்களுக்கு வழிவகுத்த 1892ஆம் ஆண்டு ஆணையோ சென்னை மாகாண அரசுடையது. செங்கல்பட்டில் நம் தோழர்கள் கையிலெடுக்கும் அந்த ஆயுதம் சமஸ்தானப் பகுதியில் நமக்கில்லை. பொதுநிலத்தின் மீதான உரிமை இங்கு கூடுதல் முக்கியத்துவம் பெறுவது அதனால்தான்.

கர்நாடக அரசு 2017இல் யூகலிப்டஸ் நடுவதற்குத் தடை விதித்தது. இங்கும் அக்கோரிக்கை வலுப்பெற வேண்டும். ஆனால் மரம் அகன்ற பின் அந்நிலத்தை ஆளப்போவது யார்? 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு மேய்ச்சல் உரிமையையும், காட்டை மீட்டு நிர்வகிக்கும் சமூக உரிமையையும் அங்கீகரிக்கிறது. காப்புக்காடும் இச்சட்டத்துக்குள் அடங்கும். தலித்துகள் இதில் ‘பிற மரபுவழி வனவாசிகள்’ என்றே கோர முடியும். அதற்கு, 2005 டிசம்பர் 13க்கு முந்தைய 75 ஆண்டு வாழ்வையும் காட்டைச் சார்ந்திருந்ததையும் மெய்ப்பிக்க வேண்டும்.

காகிதமே இல்லாதவர்களிடம் முக்கால் நூற்றாண்டுக்குச் சான்று கேட்பது கொடுமை. எனினும் விதி 13 ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. முதியோரின் எழுத்துப்பூர்வ வாக்குமூலம், பழைய கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவையும் அவ்விதியின்படி சான்றுகளே. ஊர் நம்மை ஒதுக்கித் தனியே தள்ளிய இடுகாடு, இப்போது நம் ஆவணம்.

இடர் வேறொரு இடத்தில் இருக்கிறது. கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வன உரிமைக் குழுவைக் கிராம சபை தேர்ந்தெடுக்கிறது. பழங்குடியினர் இல்லாத ஊரில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்பதைத் தவிர விதிகளில் வேறு ஒதுக்கீடு இல்லை. பட்டியல் சாதியினருக்கென ஓரிடம்கூட இல்லை. ஆயக்கட்டுக்காரர்களே குழுவை நிரப்பினால், தைலமரம் போன இடத்தில் நம் ஆடுகளுக்கு மீண்டும் தடைதான். வேங்கைவயல் நடந்த மாவட்டத்தில் இதை மிகையான அச்சம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். குழு அமைக்கும் தீர்மானம் கிராம சபைக்கு வரும் நாளில் சேரிப் பெண்கள் திரளாகச் சென்று அமர வேண்டும். முதியோரின் வாக்குமூலங்களை அதற்கு முன்பே எழுதி வாங்கும் வேலையைக் கல்லூரித் தோழர்கள் இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.