நீரைப் பார்த்து வள்ளம் வாங்குவோம்

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், இரண்டு தரம் நடக்கவிட்டும் பார்ப்பார். இதையெல்லாம் எமது விவசாயிகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அதே விவசாயி வள்ளம் வாங்கப் போகும்போது, புதிதாகப் பூசிய பெயின்றின் பளபளப்பில் மயங்கிக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வருவதை நாம் பல தடவை கண்டிருக்கிறோம்.

சொந்தக் காணி கைக்கு வராமல் களப்போரங்களில் குடியிருக்கும் குடும்பங்கள் மீன்பிடியை நாடுவது இயல்பானதே. நந்திக்கடல், கொக்கிளாய், மட்டக்களப்பு வாவி, யாழ்ப்பாணக் கடல்நீரேரி என எங்கும் இந்தக் கதை உண்டு. அதிலும் கொடுவா மீன் என்றால் ஆசை கூடும். நல்ல விலை போகிற மீன். அதைத் தேடி ஆழ்கடலுக்குப் போகவேண்டியதில்லை. இறாலையும் சிறு மீனையும் இரை தேடிக் கண்டல் வேர்களுக்கிடையிலும் முகத்துவாரத்திலும் அதுவே வந்து நிற்கும். “ஒரு வள்ளம் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்” என்று நினைப்பதில் தவறில்லை. எந்த வள்ளம், எந்தக் காசில் என்பதிலேதான் தவறு நேர்கிறது.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காணி திரும்பக் கிடைக்கும் நாளில் பெரிய நட்டமின்றி விற்று, அந்தக் காசில் ஒரு சோடி மாடோ விதைநெல்லோ வாங்கக்கூடிய வள்ளமே விவசாயக் குடும்பத்துக்கு ஏற்ற வள்ளம். எம்மைக் கடனில் கட்டிப்போடும் வள்ளம் எவ்வளவு அழகாயிருந்தாலும் எமக்கு வேண்டாம்.

நீருக்கு ஏற்ற அளவு

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து, மீதிக்குக் கடன்பட்டு, 19 அடி வள்ளமும் எஞ்சினும் வாங்கியது. கடலுக்கென்று கட்டிய வள்ளம் அது. களப்பிலோ பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். வரட்சிக் காலத்தில் எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு, தகப்பனும் மகனும் இறங்கிச் சேற்றில் வள்ளத்தைத் தள்ளினார்கள். ஒரு வருடத்தில் அதை விற்றார்கள். வாங்கிய விலையில் பாதிதான் கிடைத்தது. கடன் மட்டும் முழுதாக நின்றது.

ஆகவே முதலில் நீரைப் பாருங்கள். நீங்கள் தொழில் செய்யப்போகும் இடத்தில் வரட்சியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், அடி சேறா மணலா, சோளகத்தில் அலை எப்படி என்று அங்கே தொழில் செய்பவரிடம் கேளுங்கள். ஆழம் குறைந்த களப்புக்கு அகன்ற அடியுள்ள, இருவர் தூக்கி நகர்த்தக்கூடிய, 14 அல்லது 15 அடி வள்ளம் போதும்.

எஞ்சின் வேண்டுமா? தொடக்கத்தில் வேண்டாம் என்பதே எமது பதில். கொடுவா கரையோரத்து மறைவில் பதுங்கி நிற்கும் மீன். இரைச்சல் கேட்டால் விலகிவிடும். சத்தமின்றித் துடுப்பால் அல்லது தாங்குகோலால் போகிறவருக்கே அது வசப்படும். செலவையும் நினைத்துப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்ந்தது. எஞ்சினை நம்பியிருந்த பலர் அன்று கரையில் குந்தியிருந்தார்கள். துடுப்புக்காரருக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

பழைய வள்ளத்தைப் பார்க்கும் முறை

குறைந்த காசில் வாங்குவதென்றால் பெரும்பாலும் பாவித்த பைபர் வள்ளமாகவே இருக்கும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் ஏராளமான வள்ளங்கள் அவசரத்தில் கட்டப்பட்டன. அனுபவம் இல்லாதவர்களும் கட்டினார்கள். அவற்றுள் தடிப்புக் குறைந்தவையும் உண்டு. எனவே கண்ணை மட்டும் நம்பாமல் கையாலும் காதாலும் பாருங்கள்.

வள்ளத்தைக் கவிழ்த்து, விரல் மொழியால் அல்லது ஒரு நாணயத்தால் அடிமுழுதும் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடத்தில் கணீரென்ற சத்தம் வரும். மந்தமாகக் கேட்டால் உள்ளே படைகள் பிரிந்துவிட்டன, அல்லது நீர் ஊறிவிட்டது. மணலில் இழுபட்ட அடித்தண்டைப் பாருங்கள். நார் வெளியே தெரிந்தால் அதன் வழியே தண்ணீர் ஏறும். முழங்காலை ஊன்றி அமர்த்துங்கள். அடிப்பக்கம் நெளிந்தால் தடிப்புப் போதாது. இருக்கைப் பலகை பொருந்தும் மூலைகளில் சிலந்திவலை போல வெடிப்பு இருந்தால், அந்த வள்ளம் அலையில் முறுகி உழைத்திருக்கிறது என்று பொருள்.

எஞ்சின் பூட்டும் பின்பலகையைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பைபருக்குள்ளே இருக்கும் மரம் உக்கியிருந்தால் அது அசையும், அல்லது திருகாணித் துளையால் கறுத்த நீர் கசியும். அதைத் திருத்தும் செலவு சில வேளை வள்ளத்தின் விலையையே எட்டும். அளவுக்கு மீறிய பாரமிருந்தால், மிதப்புக்காக வைத்த நுரைப்பஞ்சு நீர் குடித்திருக்கலாம். கடைசியாக, ஓர் இரவு வள்ளத்தை நீரில் கட்டிவிட்டு விடியப் போய்ப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

பத்திரங்களும் முக்கியம். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின்படி மீன்பிடி வள்ளம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். வள்ளத்தில் எழுதிய இலக்கமும் பதிவுப் பத்திரத்து இலக்கமும் ஒன்றா, விற்பவர்தான் சொந்தக்காரரா என்று பார்த்து, பெயர் மாற்றத்தையும் செய்துகொள்ளுங்கள். எஞ்சின் வாங்குவதாயின் அதன் இலக்கத்தையும் பாருங்கள். களவுபோன எஞ்சின் மலிவாகத்தான் வரும்.

காசைப் பங்கிடுதல்

கையில் நூறு ரூபா இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஐம்பதை மட்டுமே வள்ளத்துக்கு ஒதுக்குங்கள். இருபத்தைந்து வலைக்கும் தூண்டிலுக்கும். பத்து துடுப்பு, கயிறு, நங்கூரம், மிதவைச் சட்டைகளுக்கு. வயலில் வளர்ந்த எம்மில் பலருக்கு நீந்தத் தெரியாது. ஆகவே மிதவைச் சட்டையை ஆடம்பரமாக நினைக்காதீர்கள். மீதிப் பதினைந்தைத் தொடவே வேண்டாம். அது முதல் திருத்த வேலைக்கும் மீன் படாத வாரங்களுக்கும் உரியது.

வலை வாங்கும்போது சின்னக்கண் வலையை எடுக்காதீர்கள். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பல வருடங்களின் பின்னரே பெண்ணாக மாறும் மீன். குஞ்சையெல்லாம் அள்ளிவிட்டால் முட்டையிட மீன் மிஞ்சாது. விதைநெல்லைச் சமைத்த கதைதான்.

வாரத் தவணைக் கடனில் வள்ளம் வாங்குவதை நாம் வன்மையாக மறுக்கிறோம். மீன் வாரம் பார்த்து வருவதில்லை. வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்துத் தவணை தவறிய நுண்கடன்களில், ஒரு லட்சம் ரூபா வரையானவற்றை அரசு 2018 இல் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. எத்தனை வீடுகளின் நித்திரை கெட்டிருந்தால் அந்த நிலை வந்திருக்கும்! கடனை விட, இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாங்குவதே மேல். யாருக்கு எந்த நாள், திருத்தச் செலவு எப்படி, ஒருவருக்குக் காணி கிடைத்துப் போனால் மற்றவர் என்ன விலைக்கு அவரது பங்கை எடுப்பது என்பவற்றை முதல் நாளே எழுதி, இரு வீட்டுப் பெண்களும் கையெழுத்திடட்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். களப்பு யாருமற்ற தரிசு நிலமல்ல. அங்கே பரம்பரையாக வலைப்பாடு வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களும் எம்மைப்போல் ஓடி, இழந்து, திரும்பி வந்தவர்களே. எமது வயலுக்குள் வேறொருவர் கேளாமல் ஏர் இறக்கினால் எமக்கு எப்படியிருக்கும்? வள்ளத்துக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் போய்ப் பேசுங்கள். எஞ்சினுக்கோ வலைக்கோ கட்டுப்பாடு உண்டா, புதியவர் எங்கே தொழில் செய்யலாம் என்று கேளுங்கள். அவர்கள் மறுத்தால் வள்ளம் வாங்கிப் பயனில்லை. சம்மதித்தாலோ, எந்த வள்ளம் நல்லது என்பதையும் அவர்களே காட்டித் தருவார்கள்.

வலிகாமம் வடக்கில் 1990 இல் இடம்பெயர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் காணிக்குக் காத்திருந்தார்கள். காத்திருக்கும் காலத்திலும் பிள்ளைகள் சாப்பிட வேண்டும், பள்ளிக்கூடம் போகவேண்டும். அதற்கு வள்ளம் உதவட்டும். ஆனால் காணிக்கான கோரிக்கையை வள்ளத்தோடு சேர்த்துக் கட்டிவைத்துவிட வேண்டாம். உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். கூட்டங்களுக்குத் தவறாமல் போங்கள். நாம் இன்னும் விவசாயிகள்தான்.