வீட்டு விறகும் பிளக்கும் யந்திரமும்

2016-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் உஜ்வலா திட்டத்தை ஆரம்பித்த பிறகு, காஸ் அடுப்பு ஏழைக் குடும்பங்களுக்கும் எட்டியிருக்கிறது. ஆயினும் கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளில் விறகின் உபயோகம் ஒழிந்துவிடவில்லை. குளிக்க வெந்நீர் காய்ச்சுவதற்கும், நெல் புழுக்குவதற்கும், ஈரோட்டுப் பக்கங்களில் அறுவடைக் காலத்தில் மஞ்சளை வேகவைப்பதற்கும், கல்யாணச் சமையலுக்கும் விறகே இன்றும் வேண்டியிருக்கிறது. காங்கயம், தாராபுரம் பகுதிகளின் கொறங்காடுகளிலுள்ள வெள்வேல மரங்களும், எங்கும் பரவிவிட்ட சீமைக் கருவேலும், காற்றில் விழுந்த வேம்பும் இதற்கு உதவுகின்றன.

மரத்தை வெட்டுவதற்கு ஆள் கிடைத்தாலும், பிளப்பதற்கு ஆள் கிடைப்பது இக்காலத்தில் அருமையாகிவிட்டது. ஆகவே அநேகர் விறகு பிளக்கும் யந்திரத்தின்மேல் நாட்டம் கொண்டிருக்கின்றனர். 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தது முதல், மோட்டாரை நம்பிக் கிணற்றிறைப்பு நடத்திவரும் நம் குடியானவர்களுக்கு இந்த ஆசை உண்டாவது இயற்கையே. ஆனால் எந்த யந்திரம் வீட்டுக்கு ஏற்றது, எது ஏற்றதன்று என்பதைப் பற்றி நமக்குள் போதிய யோசனை இல்லை என்பது எனது அபிப்பிராயம்.

முதலில் விறகைப் பிளப்பதன் பயனைக் கவனிப்போம். நூறு கிலோ பச்சை விறகில் நாற்பது கிலோ தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அத்தண்ணீரை ஆவியாக்க, கிலோ ஒன்றுக்குச் சுமார் 600 கிலோகலோரி வீதம் 24,000 கிலோகலோரி செலவாகும். மீதி அறுபது கிலோ மரம் தரும் உஷ்ணம் சுமார் 2,70,000 கிலோகலோரி. அதாவது பதினொன்றில் ஒரு பங்கு வீணாகத் தண்ணீரோடு போய்விடுகிறது. இதனினும் பெரிய நஷ்டம், ஈர விறகு அரைகுறையாக எரிவதால் உண்டாவது. அடுப்படியில் இருக்கும் பெண்மணியின் கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும் புகை, எரியாமல் போன விறகேயன்றி வேறல்ல. மரப்பட்டை ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். பிளந்தாலோ பக்கமெல்லாம் திறந்து விரைவில் உலரும். ஆகையால் வெட்டிய உடனே பிளந்து, கோடையில் அடுக்கி, மழை படாமல் மேலே மூடி, பக்கங்களில் காற்றோட விடுதல் உத்தமம்.

கையால் பிளப்பதற்கு மரம் வெட்டும் மெல்லிய கோடாரி உதவாது. அது மரத்தில் பதிந்து சிக்கிக்கொள்ளும். கன்னம் பருத்த, கனமான பிளப்புக் கோடாரி ஒன்றும், இரும்பு ஆப்பு இரண்டும், ஒரு சம்மட்டியும் இருந்தால் வீட்டுத் தேவைக்குப் போதும். துண்டுகள் ஓர் அடி முதல் ஒன்றரை அடி நீளத்துக்கு மேற்படாமல் அறுத்துக்கொள்ள வேண்டும். பெரிய கட்டையை நடுவில் அடிக்காமல், ஓரத்திலிருந்து சிறாய் சிறாயாக எடுத்து வந்தால் பாதி உழைப்பு மிச்சம். கணுவுள்ள இடத்தை விட்டு, வெயிலில் தானே கண்ட வெடிப்பின்மேல் ஆப்பை வைத்தல் நலம். புளியங்கட்டையோடு மல்லுக்கு நிற்பது வீண். இறைச்சிக் கடைக்காரர் அதை வெட்டுக்கட்டையாக வைத்திருப்பதன் காரணம் அது எளிதில் பிளவாது என்பதே. ஆப்பின் தலை அடிபட்டு விரிந்து பிசிறானால் உடனே அராவிவிட வேண்டும். அப்பிசிறு தெறித்தால் கண் போய்விடும்.

இனி யந்திரங்களுக்கு வருவோம். ஒன்று எண்ணெய் அழுத்தத்தால் கட்டையை ஆப்பின்மேல் தள்ளுவது. மூன்று அங்குல விட்டமுள்ள உருளையில் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் கொடுத்தால் ஏறக்குறைய ஏழு டன் விசை கிடைக்கும். சிறு மோட்டாரில் இது மெதுவாகவே நகரும். "இது வேகமில்லை" என்று குறை கூறுவாரும் உளர். அந்த மெதுவே அதன் குணம் என்பேன். பிடியை விட்டால் நிற்கும். இரண்டு கைகளாலும் பிடித்தால்தான் நகரும்படி அமைந்ததை வாங்கினால் கை உள்ளே போக வழியில்லை.

மற்றொன்று சுழலும் திருகுக் கூம்பு. மோட்டார் தண்டிலோ டிராக்டரின் பின்தண்டிலோ இதைப் பூட்டி, கட்டையைக் கையால் அதன் முனையில் தள்ளுகிறார்கள். விலை சகாயம், வேலையும் துரிதம். ஆனால் கூம்பு ஓயாது சுழன்றுகொண்டே இருக்கிறது. கட்டை சரியாக ஊன்றாவிட்டால் கூம்போடு சேர்ந்து சுழன்று ஆளை அடிக்கும். சேலை முந்தானை, தோள் துண்டு, வளையல், கையுறை எது பட்டாலும் இழுத்துச் சுற்றிவிடும். நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுழலும் டிராக்டர் தண்டென்றால், அது வினாடிக்கு ஒன்பது சுற்று. "ஐயோ" என்று கத்தி முடிப்பதற்குள் கை போய்விடும். டிராக்டர் ஆசனத்தில் நிறுத்துவதற்கு ஆளும் இருப்பதில்லை. ஆப்பசைத்த குரங்கின் கதையை அறிந்த நாம், அதைவிடக் கொடிய ஆப்பை முற்றத்தில் நிறுத்தலாமா?

இதற்கு முன்னுதாரணம் இல்லாமற் போகவில்லை. கதிரடிக்கும் யந்திரங்களில் கையிழந்தவர்கள் பலரானதைக் கண்டு, 1983-ல் இந்தியப் பாராளுமன்றம் அபாயகரமான யந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றிற்று. அங்கம் இழந்தவருக்கு நஷ்டஈடும் அதில் விதிக்கப்பட்டது. கிராமங்களில் உபயோகமாகும் வேறு யந்திரங்களையும் அறிவிப்பின் மூலம் அச்சட்டத்தின்கீழ்க் கொண்டுவர மத்திய சர்க்காருக்கு அதில் அதிகாரம் உண்டு. திருகுக் கூம்பு யந்திரத்தையும் அவ்வாறு சேர்ப்பதே நியாயம். கைகள் பல போன பின் சட்டம் செய்வதினும், முன்பே செய்வது மேலன்றோ?

அதுவரை குடியானவர்கள் செய்யத்தக்கது ஒன்று. தனித்தனி வீட்டுக்கு யந்திரம் வேண்டியதில்லை. வருஷத்தில் சில நாள் வேலைக்காகப் பணத்தை முடக்குவது சிக்கனமன்று. மஞ்சள் வேகவைப்போர் போல அதிக விறகு தேவைப்படுவோர் நான்கைந்து பேர் கூடி, எண்ணெய் அழுத்த யந்திரம் ஒன்றை வாங்கி முறைவைத்து உபயோகிக்கலாம். குழந்தைகளை அருகில் விடாமலும், ஒருவர் வைக்க மற்றொருவர் இயக்குவது என்ற அபாயமான வழக்கத்தை விட்டும், ஒருவரே இரண்டையும் செய்தல் வேண்டும். கட்டையை வைத்த கைதான் பிடியையும் இயக்க வேண்டும். மற்றவர்களுக்கு நல்ல கோடாரியும் ஆப்புமே போதும்.

விறகு பிளப்பதில் மிச்சமாகும் ஒரு நாழிகை, ஆயுள் முழுவதும் உழ வேண்டிய கைக்கு ஈடாகாது என்பதை விவசாய நேயர்கள் மனத்திற் கொள்வார்களாக.