ஆற்றுணாவும் பொலித்தீன் தாளும்

வழிச்செல்வோர் கொண்டுசெல்லும் உணவை நம் முன்னோர் ஆற்றுணா என்றனர். வாட்டிய வாழையிலையில் அதனைப் பொதிந்தனர். இன்றோ பேலியகொடையில் ஆவி பறக்கும் சோறும் எண்ணெய் மிதக்கும் மீன்குழம்பும் பொலித்தீன் தாளிற் கட்டப்படுதலைக் காண்கின்றேன். 2017 செப்டெம்பர் 1 முதல் அத்தாளுக்கு அரசு தடை விதித்தது, வழக்கமோ ஒழிந்தபாடில்லை.

அத்தடை குப்பையை எண்ணி எழுந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்களைக் கொண்டதை யார் மறப்பர்? யான் கூறுவது உடலைப் பற்றியது. பிளாஸ்டிக் வகை சிலவற்றிலுள்ள பிஸ்பீனோல், தலேற்று முதலிய வேதிப்பொருள்களுட் சில ஓமோன்போல் நடிக்கும். சில ஓமோனின் தொழிலைத் தடுக்கும். சூடும் எண்ணெயும் அவை உணவிற் கலக்கத் துணைபுரியும். கருவிலுள்ள சிசுவுக்கும் வளரும் பிள்ளைக்குமே ஊறு மிகுதி. எத்தாளில் எது உளதென வாங்குவோர் அறிதல் அரிது. ஆகலின் சுடுசோற்றை எத்தாளிலும் இடாமையே அறிவுடைமை.

மாணாக்கர் பொதியவிழ்க்கும்போதெல்லாம் வாளாவிருந்த குற்றம் எனக்கும் உண்டு; யானும் அவ்வாறே உண்டவனன்றோ! ஆசிரியராகிய நாம் முதலில் எவர்சில்வர் பாத்திரம் ஏந்திக் கடைக்குச் செல்வோம். இலைக்குச் சில ரூபாய் மிகுமாயின், அதனைக் கடைக்காரர் தலையிற் சுமத்தாது நாமே கொடுப்போம். சொல்லைவிடக் கையிலுள்ள பாத்திரமே மாணாக்கருக்கு நல்ல பாடமாகும்.